அப்பளம் ஏறிய ராக்கெட்

ராக்கெட் விடுகிறவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். எங்கள் நயினார் தரையைப் பார்ப்பார். கீழ்பென்னாத்தூர் பக்கம், கடலை பிடுங்கி முடித்த புன்செய்க் கொல்லையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கியதும் நானும் லாட்ஜ் மேனேஜரும் சாமான்களை இறக்கிக்கொண்டிருப்போம். அவர் செருப்பை வரப்பில் கழற்றி வைத்துவிட்டு, குனிந்தபடியே கொல்லையை ஒரு சுற்று நடந்து வருவார். ஏவுபலகை வைக்கிற இடத்தில் எறும்பு வரிசை தெரிந்தால் போதும், பலகை நகரும். நகர்த்திய இடத்தில் ஒரு வண்டு உட்கார்ந்திருந்தால் மறுபடியும் நகரும். நான் பம்ப்பைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

"நயினாரே, இந்த எறும்புங்கல்லாம் நம்பளப் பாத்து சிரிக்குது" என்பார் மேனேஜர்.

"சிரிச்சிட்டுப் போவட்டுங்க. சிரிக்கிறதுக்கு உயிரோட இருக்கணும் இல்ல?" என்பார் அவர்.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பக்கத்துக் கிராமத்தில் காலங்காலமாக நிலம் வைத்திருக்கும் சமணக் குடும்பம். திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எங்கள் பக்கம் சமணரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், எல்லோருக்கும் அவர் நயினார். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஓசூரில் மகள் வீட்டோடு போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அங்கேயும் ராக்கெட் விட ஒரு காலி மனையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டதாகப் போனில் சொன்னார். கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

எங்கள் ராக்கெட்டில் மருந்து கிடையாது, நெருப்பு கிடையாது. சோடா பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி இடத்தில் சைக்கிள் பம்ப்பால் அடித்த காற்று. பாட்டிலைத் தலைகீழாகக் குழாயில் பொருத்திக் கொக்கி போட்டுவிட வேண்டும். தள்ளி நின்று கொக்கியின் கயிற்றை இழுத்தால், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு அது கிளம்பும். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவுக்குள் சண்டை போடுவதற்கு எவ்வளவு இருக்கிறது என்பது இதில் இறங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

பாட்டில் பிடித்து வருவது மேனேஜரின் வேலை. அவருடைய லாட்ஜ் அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலப் பாதையிலேயே இருந்தது. பௌர்ணமி கழிந்த காலையில் அந்தப் பாதையைப் பார்த்தால் எங்களுக்குப் பாட்டிலுக்குப் பஞ்சமே இல்லை என்று நினைப்பீர்கள். அதில் முக்கால்வாசி தண்ணீர் பாட்டில். அது ஆகாது. மெலிசான பிளாஸ்டிக், காற்று ஏற ஏற விம்மி வெடித்துவிடும். அடிப்பாகத்தில் பூவிதழ் மாதிரிப் புடைப்பு இருக்கும் சோடா பாட்டில்தான் தாங்கும். மேனேஜர் கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து பொறுக்குவதைப் பார்த்து, லாட்ஜுக்கு வாடிக்கையாக வருகிறவர் ஒருவர் இரக்கப்பட்டு டீக்குக் காசு நீட்டினாராம். மேனேஜர் அதை எங்களிடம் பெருமையாகத்தான் சொன்னார்.

நான் செங்கம் சாலையில் பிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி போன் பண்ணி விடிகாலை கல்யாணத்துக்குப் பேனர் கேட்கிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். அதனால் எனக்குப் பொறுமை என்கிற சாமான் கம்மி. நயினார் ஒருநாள் கடைக்கு வந்து, வெட்டி எறிந்த போர்டுத் துண்டு கிடைக்குமா என்று கேட்டார். எதற்கு என்றேன். "ராக்கெட்டுக்கு றெக்கை வெக்கணுங்க" என்றார், சட்டைக்குப் பித்தான் வைக்கணும் என்கிற சாதாரணக் குரலில். அடுத்த ஞாயிறு நானே போர்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன். முதல் ராக்கெட் கிளம்பித் தண்ணீர் என் முகத்தில் அடித்தபோது எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

நான் உயரக் கட்சி. பாட்டிலோடு பாட்டிலை ஒட்டி நீளமாக்கு, காற்றை ஏற்று, இன்னும் ஏற்று. மூன்று றெக்கை போதும், நாலாவது வீண் பாரம் என்பது என் வாதம். மேனேஜர் நாலு றெக்கைக் கட்சி. "மூணு வெச்சா அளவெடுத்து ஒட்டணும் மேடம். நாலுன்னா பக்கத்துக்கு ஒண்ணு, கண்ணாலயே பாத்து ஒட்டிடலாம்" என்பார். இதை வைத்தே நாங்கள் கொல்லைக்குப் போகும் வழி முழுக்க இழுத்துக்கொண்டு போவோம். நயினார் மொபெட்டை எங்கள் வண்டிக்கு இணையாக ஓட்டிக்கொண்டு வந்து, நாங்கள் மூச்சு வாங்குகிற இடைவெளியில் ஒன்றே ஒன்று கேட்பார்.

"அது சரிங்க. எறங்கும்போது இன்னா பண்ணும்?"

எதைப் பற்றிப் பேசினாலும் அவர் கேள்வி அதுதான். பத்து மாடி உயரம் போகும் நயினாரே என்றால், எறங்கும்போது இன்னா பண்ணும்? கூம்பை இன்னும் கூர்மையாக்கலாம் என்றால், எறங்கும்போது இன்னா பண்ணும்? கூர்மையாக இறங்குவது கீழே இருக்கிற எதையாவது குத்தும் என்பது அவர் கவலை. பாராசூட் இல்லாத ராக்கெட்டுக்கு அவர் கொக்கிக் கயிற்றைத் தொடக்கூட மாட்டார்.

கடையிலும் அப்படித்தான். புதுக் கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டார். வந்தவர் மூக்கில் உட்கார வைத்து, காதில் கொக்கி விழுந்ததா என்று பார்த்த பிறகுதான் கையை எடுப்பார். தெருவே அதிர ஷட்டர் இறக்குகிற கடைகளுக்கு நடுவில் அவர் ஷட்டர் இறங்குவது கேட்காது. ராக்கெட்டுக்கு ஊற்றும் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவார். வடிகட்டிய துணியைக் கிணற்றுத் தண்ணீரிலேயே அலசி, அதில் சிக்கிய கண்ணுக்குத் தெரியாத ஜீவன்களை வந்த இடத்துக்கே அனுப்பி வைப்பார். ஆரம்பத்தில் கேலி செய்தேன். அப்புறம் எங்கள் குழாயில் ஒருநாளும் மண் அடைக்காததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அவருடைய பாராசூட் குப்பைப் பையை வட்டமாக வெட்டியது. ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப் பவுடரைத் தூவி மடிப்பார். ராக்கெட் உச்சிக்குப் போனதும் கூம்பு கழன்று பாராசூட் வெளியே வர வேண்டும். கூம்பை லேசாக உட்கார வைத்தால் அதுவே விழுந்துவிடும் என்பேன் நான். அவருக்கு 'விழுந்துவிடும்' போதாது, விழ வேண்டும். அதற்காகக் கிரிவலப் பாதைக் கடையில் சாவி கொடுத்தால் தத்தும் தவளை பொம்மை வாங்கி, உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்துக் கூம்புக்குக் கீழே வைத்தார். கிளம்பியதும் ஸ்பிரிங் சுற்றத் தொடங்கும். சுற்றி முடித்ததும் கூம்பைப் பிடித்திருக்கும் ரப்பர் பேண்டை விடுவிக்கும்.

"தவளை காலை ஒடைச்சீங்களே, அது பாவமில்லையா?" என்றார் மேனேஜர்.

"அதுக்குப் பறக்கக் கத்துக் குடுத்திருக்கேன். அது கோச்சிக்காது."

அப்பளம் வந்தது ஒரு சண்டையில்தான். ராக்கெட்டில் முட்டை வைத்து உடையாமல் இறக்குவது ஊர் உலகத்தில் எல்லாரும் வைக்கிற போட்டி, நாமும் வைப்போம் என்றேன். நயினார் முட்டையைத் தொடமாட்டார் என்பது வாயிலிருந்து வார்த்தை விழுந்த பிறகுதான் உறைத்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"முட்டை கெட்டிங்க. உள்ள ஒரு ஜீவன் இருக்கணும்னு இயற்கையே பாத்துப் பாத்துப் பண்ணது. பொரிச்ச அப்பளம் வெச்சி எறக்குங்க பாப்போம். சும்மா பாத்தாலே ஒடையும்."

மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அதுதான் அவர் நினைப்பு.

மார்கழியில் ஒரு ஞாயிறு அந்த நினைப்பே எங்களுக்கு வினையாகப் பார்த்தது. அன்று அப்பளம் இல்லை, வெறும் ஒத்திகைதான். ஏறியது அழகாகத்தான் ஏறியது. உச்சியில் கூம்பு கழன்றது. பாராசூட் வெளியே வந்தது, ஆனால் விரியவில்லை. சுருட்டிய பாய் மாதிரியே இருந்தது. ராக்கெட் தலைகுப்புற வந்து வேப்பமரத்தடியில் கட்டியிருந்த கன்றுக்குட்டிக்கு ஒரு முழ தூரத்தில் குத்தியது. கன்று மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, வரப்பில் தடுக்கி விழுந்தது. முன்னங்கால் முட்டியில் தோல் உரிந்து ரத்தம்.

அது அவருடைய ராக்கெட். அவர் மடித்த பாராசூட். எறும்புக்காகப் பலகையை நகர்த்துகிற மனிதரின் முகம் அன்று எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓடிப்போய்க் கன்றின் காலைத் தண்ணீர் விட்டுக் கழுவி, மஞ்சள் வாங்கி வந்து பூசிவிட்டு, அதன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் பாராசூட்டைப் பிரித்துப் பார்த்தேன். பனியில் நனைந்து, உள்ளே பவுடர் மாவாகக் குழைந்திருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று முதல்நாளே மடித்து, பவுடரையும் ஜாஸ்தியாகப் போட்டிருந்தார். அவருடைய அதிகப்படியான ஜாக்கிரதையே அதை ஒட்டிவிட்டது.

கொல்லைக்காரியான அக்கா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். கொல்லை ஓரத்திலேயே அவள் வீடு. கடலை பிடுங்கிய பிறகு மாடு மேயத்தானே போகிறது என்று அதுவரை எங்களை ஒன்றும் சொன்னதில்லை.

"போதும். நீங்க வெளையாடினது போதும். மேல உழுந்திருந்தா இன்னா ஆவறது? சாமானை எடுத்துக்கினு கெளம்புங்க."

நானும் மேனேஜரும் சாமானை எடுக்கத் தொடங்கினோம். அந்தக் கொல்லையை விட்டால் எங்களுக்கு வேறு இடம் இல்லை. ஏரியில் தண்ணீர், மற்ற இடமெல்லாம் மின்கம்பியும் மனையும். நயினார் எழுந்து நின்றார்.

"நீங்க சொல்றது நியாயங்க்கா. ஒரே ஒரு தடவை எறக்கிக் காட்டறேன்."

"இன்னாத்த எறக்கிக் காட்டுவீங்க?"

"பொரிச்ச அப்பளம். ஒடையாம எறக்கிக் காட்டறேன். ஒடைஞ்சா இந்தப் பக்கமே வரமாட்டேன். ராக்கெட் வெளையாட்டையே விட்டுடறேன்."

அவர் வாயிலிருந்து வருகிற வார்த்தையின் எடை எனக்குத் தெரியும். சாயங்காலம் சாப்பாட்டு நேரம் தவறிப்போய் இருட்டிவிட்டால் ராத்திரி முழுக்கப் பட்டினி கிடக்கிற ஆள். விட்டுவிடுகிறேன் என்றால் விட்டுவிடுவார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபத்துக்கு நடுவில் அவளுக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்திருக்க வேண்டும்.

"அதோ அந்தப் பனைமரத்துக்கு மேல போய்ட்டு வரணும். அப்பளம் நானே பொரிச்சிக் குடுப்பேன். உங்க ஊட்டு அப்பளம் வேணாம். ஒடையாம எறக்கிக் காட்டுங்க, பாக்கலாம்."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நயினார் கடை மூடும் நேரம் முன்னால் நகர்ந்தது. டிபன் பாக்ஸோடு லாட்ஜ் மொட்டைமாடிக்கு வந்துவிடுவார். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டு, பாராசூட்டை மடித்து மடித்து மேலேயிருந்து போடுவார். கீழே மேனேஜர் எடுத்துக் கொடுத்தனுப்புவார். பவுடரைக் குறைத்துப் போட்டுப் பார்த்தார், இல்லாமல் போட்டுப் பார்த்தார். கிரிவலம் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டுப் போவார்கள். பாராசூட்டை இனிமேல் கொல்லையில் வைத்துத்தான், வெயில் ஏறிய பிறகு, உலர்ந்த கையால் மடிப்பது என்று முடிவானது. நான் புது வடிவமாகவே மாற்றிவிடலாம் என்றேன். "தப்பு எங்க இருக்குதோ அங்க மட்டும் கை வைக்கலாங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்பளத்துக்கு அடியில் பஞ்சு வைக்கலாம் என்றார் மேனேஜர். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "பஞ்சு வெச்சா, விழத்தான் போறோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அது மெதுவாத்தான் எறங்கப் போவுது" என்றார்.

காட்டுவதாக வைத்திருந்த ஞாயிறு கன்றுக்குட்டி வீட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அக்கா தட்டில் சின்ன உளுந்து அப்பளம் பொரித்துக்கொண்டு வந்தாள். நயினார் வழக்கம்போலத் தரையைச் சுற்றி வந்தார், தண்ணீரை வடிகட்டினார், கூம்புக்குக் கீழே ஒட்டிய டப்பாவில் அப்பளத்தை வைத்து மூடினார், பாராசூட்டை மடித்தார். பனைமரத்தைத் தாண்டியாக வேண்டும் என்பதால் காற்று அடிக்கும் பொறுப்பு என்னுடையது. பம்ப்பில் அழுத்தம் காட்டும் முள்ளை நான் வழக்கமாக நிறுத்துகிற இடம்வரை ஏற்றினேன். கயிற்றை அவர் இழுத்தார்.

அது பனைமரத்தை அலட்சியமாகத் தாண்டிப் போனது. கூம்பு கழன்றது. பாராசூட் பட்டென்று விரிந்தது. அதைவிட மெதுவாக ஒரு பொருள் இறங்கி நான் பார்த்ததில்லை. மேனேஜர் கையைத் தட்டியே விட்டார். அது கடலைக் கொடிச் சருகின்மேல் வந்து உட்கார்ந்தது. அக்காவே போய் டப்பாவைத் திறந்தாள்.

அப்பளத்தின் ஓரத்தில் ஒரு துண்டு போயிருந்தது.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "இது நான் பொரிக்கும்போதே போச்சி. குடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சி" என்றாள். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

நயினார் சட்டைப்பையிலிருந்து கடை லென்ஸை எடுத்து அப்பளத்தின் விளிம்பைப் பார்த்தார். "பொரிக்கும்போது ஒடைஞ்சிருந்தா இங்க எண்ணெயில செவந்திருக்கணுங்க்கா. இது வெளுப்பா இருக்குது. இப்ப ஒடைஞ்சதுதான்." லென்ஸைத் துடைத்துப் பையில் வைத்தார். என்னைப் பார்த்தார். "சொன்னா சொன்னதுதாங்க" என்று கொக்கிக் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். இந்த மனிதர் இல்லாமல் இந்தக் கொல்லையில் எனக்கென்ன வேலை என்று தோன்றியது.

அவர் வரப்பில் செருப்பைப் போடப் போனபோது அக்காவின் குரல் கேட்டது.

"இன்னா நயினாரே, எங்க போறீங்க?"

"ஒடைஞ்சா விட்டுடறேன்னு சொன்னனேக்கா."

"அது நீங்க சொன்னது. நான் சொன்னனா? நான் இன்னா சொன்னேன்? ஒடையாம எறக்கிக் காட்டுங்கன்னேன். காட்டனீங்களா? காட்டாம எங்க போறீங்க? என் கன்னுக்குட்டிக்கு இன்னா பதிலு?"

அவர் செருப்பில் ஒரு கால், மண்ணில் ஒரு கால் என்று நின்றார். அவர் பேச்சு ஒரு பக்கம், அவள் பேச்சு ஒரு பக்கம். தன் வார்த்தையைக் காப்பாற்றினால் கன்றுக்குட்டிக்குப் பட்ட கடன் தீராமல் நின்றுபோகிறது. அப்படி ஒரு இக்கட்டில் அவரை வேறு யாரும் மாட்டவைத்ததில்லை. பிறகு செருப்பிலிருந்த காலையும் எடுத்து மண்ணில் வைத்தார்.

"இன்னொண்ணு பொரிங்க்கா" என்றார்.

அவள் உள்ளே போனாள். ஏன் உடைந்தது என்று நாங்கள் ராக்கெட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். இறங்கியது அப்படி இறங்கியது, பிறகு எப்படி? எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நயினாரே, இத்தனை நாளா எறங்கும்போது இன்னா பண்ணும், எறங்கும்போது இன்னா பண்ணும்னு கேட்டீங்களே. ஏறும்போது இன்னா பண்ணும்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

அப்பளம் கீழே வந்து உடையவில்லை. கிளம்பின உதையிலேயே உடைந்துவிட்டது. மேனேஜர் பம்ப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. இந்தத் தடவை முள்ளை நான் வழக்கமாக நிறுத்துகிற இடத்துக்கு வெகு முன்பே நிறுத்தினேன். உயரக் கட்சிக்காரிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று மேனேஜருக்குத் தெரியும். நயினார் சட்டைப்பையிலிருந்து கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை எடுத்து நாலாக மடித்து அப்பளத்துக்கு அடியில் வைத்தார். "இது எறங்கறதுக்கில்ல. ஏறறதுக்கு" என்றார், யாரும் கேட்காமலே.

கயிற்றை இழுத்தார். ராக்கெட் இந்தத் தடவை அவசரமில்லாமல் ஏறியது. பனைமரத்தின் ஓலைக்கு மேலே கொஞ்சம்தான் போனது. போனது போனதுதான், அக்காவே தலையாட்டினாள். பாராசூட் விரிந்தது. காற்று அதைக் கொல்லையின் கடைசிவரை தள்ளிக்கொண்டு போக, நாங்கள் நாலு பேரும் பின்னால் ஓடினோம். அவர் மட்டும் எதையும் மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து ஓடினார்.

அக்கா திறந்தாள். அப்பளத்தை இரண்டு விரலால் எடுத்து வெயிலில் காட்டித் திருப்பிப் பார்த்தாள். ஓரம், நடு, ஓரம். அவர் லென்ஸை நீட்டினார். "இன்னாத்துக்கு, எனக்குக் கண்ணு இல்ல?" என்று அதைத் தள்ளிவிட்டாள். முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

பிறகு யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் அதை அப்படியே வாயில் வைத்துக் கடித்தாள். நொறுக்கென்ற சத்தம் கொல்லை முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது.

"உப்பு கம்மி" என்றாள் மென்றுகொண்டே. "அடுத்த வாரம் வரும்போது நல்ல அப்பளமா வாங்கினு வாங்க."

ஒரு பொருள் உடைகிற சத்தத்தைக் கேட்டு நயினார் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.